சிறிய மாநிலங்களின் பெயரால் ஒரு பெரிய அநீதி

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நவம்பர் மாதத்தில் நம் தொலைக்காட்சிகளிலும் நாளிதழ்களிலும் அமெரிக்க வரைபடம் நீலமும் சிவப்புமாக விரிகிறது. 2024-இல் கமலா ஹாரிஸ் போட்டியிட்டபோது அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் சிறப்புப் பூஜையே நடந்தது. அந்த வரைபடத்தைத் தமிழர்கள் வழக்கத்தைவிடக் கூர்ந்து பார்த்தார்கள். தேர்தல் விவாதங்களில் தவறாமல் ஒரு கேள்வி எழும்: நாடு முழுக்கச் சேர்த்து அதிக வாக்கு வாங்கியவர் தோற்றுப்போக முடியும் என்கிறார்களே, இது என்ன முறை? அதற்குத் தயாராக ஒரு பதிலும் வரும். அமெரிக்கா ஒரு கூட்டாட்சி நாடு. நேரடித் தேர்தல் வைத்தால் கலிபோர்னியாவும் நியூயார்க்கும் சேர்ந்து அதிபரைத் தேர்ந்தெடுத்துவிடும். சிறிய மாநிலங்கள் நசுங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்நாட்டை நிறுவியவர்கள் தொலைநோக்கோடு எலக்டோரல் காலேஜ் முறையைக் கொண்டுவந்தார்கள் என்பது அந்தப் பதில்.

இந்தப் பதில் அமெரிக்கப் பள்ளிப் பாடங்களிலிருந்து கிளம்பி, நம் ஊர் விவாத மேடை வரை வந்து சேர்ந்திருக்கிறது. நமக்கு இது இனிக்கவும் செய்கிறது. மாநில சுயாட்சி பேசி வளர்ந்த மண் இது. தொகுதி மறுவரையறை வந்தால் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய குற்றத்துக்காகத் தென்மாநிலங்கள் தண்டிக்கப்படுமோ என்ற அச்சம் நமக்கு உண்மையானது. ஆகவே, 'பெரிய மாநிலங்களின் தலையெண்ணிக்கைக்கு எதிராகச் சிறிய மாநிலங்களுக்கு ஒரு கவசம்' என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடுகிறோம். ஆனால் அமெரிக்காவின் இந்த ஏற்பாடு மாநிலங்களைக் காப்பதில்லை. தோன்றிய விதத்திலும் சரி, கணக்கிலும் சரி, இன்றைக்கு அது விளைவிக்கும் பலனிலும் சரி, கோடிக்கணக்கான வாக்காளர்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் தள்ளிவைக்கிற வேலையைத்தான் அது செய்கிறது.

முதலில் முறை என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்கர்கள் அதிபருக்கு நேராக வாக்களிப்பதில்லை, தேர்வாளர்களுக்கு வாக்களிக்கிறார்கள். ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடங்களோ, அத்துடன் செனட்டின் இரண்டு இடங்களையும் கூட்டினால் வருவது அம்மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை. தலைநகர் வாஷிங்டனுக்கு மூன்று. மொத்தம் 538, அதில் 270 பெறுகிறவர் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களில், ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கும் அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் போய்விடுவார்கள். இந்தக் கணக்கின் விளைவாக 2000-இல் சுமார் 5 லட்சத்து 40 ஆயிரம் வாக்குகள் கூடுதலாகப் பெற்ற அல் கோர் தோற்றார். 2016-இல் சுமார் 28 லட்சத்து 70 ஆயிரம் வாக்குகள் கூடுதலாகப் பெற்ற ஹிலாரி கிளின்டன் தோற்றார். 1824, 1876, 1888 ஆகிய ஆண்டுகளிலும் மக்களிடம் அதிக வாக்கு வாங்கியவர் வெள்ளை மாளிகைக்குப் போகவில்லை.

முன்னோரின் தொலைநோக்கு என்ற கதை

1787-இல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுதக் கூடியவர்களிடையே மக்களே நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்ற யோசனை இல்லாமல் இல்லை. பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் தொடக்கத்திலேயே அதை முன்வைத்தார். அது ஏன் எடுபடவில்லை என்பதற்கு, அரசியல் சட்டத்தின் தந்தை என்று போற்றப்படும் ஜேம்ஸ் மேடிசனே சாட்சி சொல்கிறார். ஜூலை 19 அன்று பேசும்போது, மக்களே தேர்ந்தெடுப்பதுதான் மிகப் பொருத்தமான வழி என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு சிக்கல் இருப்பதாகச் சொன்னார். வடமாநிலங்களில் வாக்குரிமை பரவலாக இருக்கிறது. தென்மாநிலங்களிலோ மக்களில் கணிசமான பகுதியினர் வாக்குரிமையற்ற கறுப்பின அடிமைகள். எனவே நேரடித் தேர்தலில் தெற்குக்குச் செல்வாக்கே இருக்காது என்பதுதான் அந்தச் சிக்கல். இதைச் சொன்னவர் வெர்ஜீனியாவைச் சேர்ந்தவர், தாமே அடிமைகளை வைத்திருந்தவர்.

தேர்வாளர் முறை அந்தச் சிக்கலை அவிழ்த்துக் கொடுத்தது. பிரதிநிதிகள் சபை இடங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிடலாம் என்று ஏற்கெனவே பேரம் முடிந்திருந்தது. தேர்வாளர் எண்ணிக்கையை அந்த இடங்களோடு முடிச்சுப் போட்டதால், வாக்களிக்க முடியாத அடிமைகளின் தலைகள் அவர்களுடைய எஜமானர்களின் பலத்தைக் கூட்டின. 1800-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பென்சில்வேனியாவில் அடிமையல்லாத மக்கள் சுமார் ஆறு லட்சம் பேர். வெர்ஜீனியாவில் சுமார் 5 லட்சத்து 30 ஆயிரம் பேர். ஆனால் அந்தக் கணக்கெடுப்பின்படி 1804 தேர்தலில் பென்சில்வேனியாவுக்குக் கிடைத்த தேர்வாளர்கள் 20, வெர்ஜீனியாவுக்கு 24. வெர்ஜீனியாவில் அடிமைப்பட்டிருந்த மூன்றரை லட்சம் பேர்தான் அந்த வித்தியாசம். குடியரசின் முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் அதிபர் நாற்காலியில் அமர்ந்தவர்கள் வெர்ஜீனியாக்காரர்கள். வெர்ஜீனியா அன்று சிறிய மாநிலமும் அல்ல. அதுதான் மிகப் பெரிய மாநிலம்.

சிறிய மாநிலங்களுக்கு இந்த ஏற்பாட்டில் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. செனட்டுக்குரிய அந்த இரண்டு கூடுதல் தேர்வாளர்கள் அவற்றைச் சமாதானப்படுத்தத் தரப்பட்டவைதான். வேறு காரணங்களும் இருந்தன. பரந்து கிடந்த நாட்டில் தூரத்து வேட்பாளரைச் சாதாரண மக்கள் எப்படி அறிவார்கள் என்ற தயக்கமும் அன்று இருந்தது. ஆனால் மாநிலங்களுக்கிடையிலான உண்மையான பிளவு பெரியவை, சிறியவை என்பதல்ல, வடக்கு தெற்கு என்பதே என்று அந்த மாநாட்டிலேயே மேடிசன் வாதிட்டார். சிறிய மாநிலப் பாதுகாப்பு என்ற ஒற்றைக் காரணத்தை மட்டும் எடுத்து முன்னால் நிறுத்துகிறவர்கள் அடிமைமுறையின் பங்கை மறைத்துவிட்டு வரலாறு சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் ஒருவருக்கே என்ற விதி அரசியல் சட்டத்தில் எங்கும் கிடையாது. அது கட்சிக்காரர்கள் கொண்டுவந்தது. 1796 தேர்தலில் வெர்ஜீனியா மாவட்டவாரியாகத் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்தது. அதில் ஒருவர், அம்மாநிலத்து வேட்பாளர் தாமஸ் ஜெஃபர்சனின் எதிரியான ஜான் ஆடம்ஸுக்கு வாக்களித்துவிட்டார். அந்த ஒன்றையும் விடக் கூடாது என்று 1800 தேர்தலுக்கு முன்பு ஜெஃபர்சனின் ஆட்கள் விதியை மாற்றினார்கள். பதிலுக்கு ஆடம்ஸின் மாநிலமான மாசசூசெட்ஸும் தன் விதியை மாற்றியது. ஒருவரைப் பார்த்து ஒருவர் மாற்றிக்கொண்டே போய், 1836-க்குள் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் இந்த வழிக்கு வந்துவிட்டன. மாவட்டவாரி முறையை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று மேடிசன் முதுமையில் 1823-இல் எழுதினார். முன்னோரின் ஞானம் என்று இன்று கும்பிடப்படும் முறையின் பாதி, முன்னோரே திருத்த விரும்பிய ஒன்று.

கணக்கு என்ன சொல்கிறது

சரி, பிறப்பு எப்படியோ போகட்டும்; இன்று அது சிறிய மாநிலங்களுக்கு உதவுகிறதா? தாளில் பார்த்தால் உதவுவதுபோல்தான் தெரியும். 2020 கணக்கெடுப்பின்படி வயோமிங்கின் மக்கள்தொகை 5 லட்சத்து 77 ஆயிரம், தேர்வாளர்கள் 3. கலிபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் பேர், தேர்வாளர்கள் 54. வயோமிங்கில் ஏறக்குறைய 1 லட்சத்து 92 ஆயிரம் பேருக்கு ஒரு தேர்வாளர். கலிபோர்னியாவில் 7 லட்சத்து 32 ஆயிரம் பேருக்கு ஒருவர். ஒரு வயோமிங்காரரின் எடை கிட்டத்தட்ட நான்கு கலிபோர்னியாக்காரர்களின் எடை. குடிமக்களுக்குள் இப்படி ஏற்றத்தாழ்வு வைப்பதே தவறு என்பது ஒருபுறம். இந்த எடையால் வயோமிங்குக்குக் கிடைத்தது என்ன என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றே தேர்வாளர்களைக் கொண்ட மாநிலங்கள் ஆறு: அலாஸ்கா, டெலவேர், வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, வெர்மான்ட், வயோமிங். 1992 முதல் இந்த ஆறில் ஒன்றுகூட அதிபர் தேர்தலில் கட்சி மாறி வாக்களிக்கவில்லை. முடிவு முன்பே தெரிந்த இடத்துக்கு எந்த வேட்பாளர் பிரசாரம் செய்யப் போவார்? தேர்தல் காலத்தில் அந்த மாநிலங்களை இரு கட்சிகளும் எட்டிப் பார்ப்பதில்லை. அலாஸ்காவின் மீனவருக்கு என்ன குறை, வெர்மான்டின் பால் பண்ணைக்காரருக்கு என்ன தேவை என்று கேட்க அவர்களுக்கு அவசியமே இல்லை.

2024-இல் வேட்பாளர்கள் எங்கே சுற்றினார்கள் என்பதை உலகமே பார்த்தது. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா என்ற ஏழு மாநிலங்கள். இவற்றை ஊசலாடும் மாநிலங்கள் என்கிறார்கள். ஏழிலும் சேர்த்துத் தேர்வாளர்கள் 93 பேர். நாட்டின் மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள் அங்கே வாழ்கிறார்கள். பிரசாரப் பணமும் பயணமும் வாக்குறுதியும் அங்கேதான் கொட்டின. அந்த ஏழில் பென்சில்வேனியா, ஜார்ஜியா, வட கரோலினா, மிச்சிகன் நான்கும் ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் பெரிய மாநிலங்கள். சிறிய மாநிலங்களுக்காக என்று சொல்லப்படும் முறை, கட்சிகளின் பலம் தற்செயலாகச் சமமாக இருக்கும் சில நடுத்தர, பெரிய மாநிலங்களின் காலடியில் தேர்தலை வைக்கிறது. அமெரிக்காவின் இதர நாற்பத்து மூன்று மாநிலங்களும் பெரும்பாலும் பார்வையாளர்கள்தான்.

இதனால் பாதிக்கப்படுவது ஒரு கட்சி மட்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2020-இல் டொனால்டு டிரம்புக்கு அதிக வாக்குகளைத் தந்த மாநிலம் எது? குடியரசுக் கட்சியின் கோட்டை என்று பெயர்பெற்ற டெக்சாஸ் அல்ல, கலிபோர்னியா. அங்கே அவருக்கு விழுந்தவை 60 லட்சத்துக்கும் மேல். அந்த வாக்குகள் அவருக்கு ஒரு தேர்வாளரைக்கூடப் பெற்றுத் தரவில்லை. அதே ஆண்டு ஜோ பைடனுக்கு டெக்சாஸில் 52 லட்சத்துக்கு மேல் வாக்குகள் கிடைத்தன. அது நியூயார்க் மாநிலத்தில் அவர் பெற்றதைவிடச் சற்று அதிகம். அவற்றுக்கும் பலன் பூஜ்யம். 'கலிபோர்னியாவின் ஆதிக்கம்' என்று பேசுகிறவர்கள், கலிபோர்னியாவில் வாழும் 60 லட்சம் குடியரசுக் கட்சி வாக்காளர்களை ஒரே கோட்டில் அடித்துவிட்டுத்தான் அந்த வாதத்தைக் கட்டுகிறார்கள். கலிபோர்னியா என்று ஒரே மனம் கொண்ட ஓர் ஆள் இல்லை. அந்த மாநிலத்தை ஒற்றைக் கட்டியாக மாற்றிக் காட்டுவதே இந்த முறைதான்.

பெருநகரங்கள் கிராமங்களை விழுங்கிவிடும் என்ற அச்சமும் கணக்குக்கு நிற்காது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ ஆகிய மூன்று மாநகரங்களின் மக்கள்தொகையைக் கூட்டினால் 2020-இல் சுமார் 1 கோடியே 54 லட்சம். நாட்டின் 33 கோடிப் பேரில் அது ஐந்து சதவீதம்கூட இல்லை. தவிர, நேரடித் தேர்தலில் வேட்பாளர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை ஊகிக்க வேண்டிய தேவையும் இல்லை. பென்சில்வேனியாவுக்குள் நடப்பது நேரடி வாக்குக் கணக்குத்தானே? அங்கே அவர்கள் பிலடெல்பியாவிலும் பிட்ஸ்பர்க்கிலும் மட்டும் முகாமிட்டிருக்கவில்லை. 2024 ஜூலையில் டிரம்ப் மீது துப்பாக்கிச் சூடு நடந்த கூட்டம், பதின்மூன்றாயிரம் பேர் வாழும் பட்லர் என்ற சிறுநகரை ஒட்டிய மைதானத்தில் நடந்தது. ஒவ்வொரு வாக்கும் எண்ணப்படும் இடத்தில், ஒவ்வொரு ஊரையும் தேடி வேட்பாளர் வருவார். எண்ணப்படாத இடத்தில் மாநகரமே இருந்தாலும் வரமாட்டார்.

ஊசலாடும் மாநிலங்களின் செல்லம் தேர்தலோடு முடிவதும் இல்லை. ஆட்சியின் கொள்கைகளிலும் அது படிகிறது. சுதந்திர வர்த்தகம் பேசி வந்த ஜார்ஜ் புஷ் 2002-இல் இறக்குமதி எஃகுக்கு 30 சதவீதம் வரை வரி விதித்தபோது, பென்சில்வேனியா, ஒஹையோ, மேற்கு வெர்ஜீனியா மாநிலங்களின் எஃகுத் தொழிலாளர் வாக்குகளை அன்றைய செய்தியாளர்கள் பலர் சுட்டிக்காட்டினார்கள். பாறைகளைப் பிளந்து எரிவாயு எடுக்கும் முறையைத் தடை செய்வேன் என்று 2019-இல் சொன்ன கமலா ஹாரிஸ், 2024-இல் தடை செய்ய மாட்டேன் என்றார். அந்த எரிவாயுத் தொழில் பெரிதாக நடக்கும் மாநிலம் பென்சில்வேனியா.

அடக்குமுறைக்கு அபராதம் இல்லை

இந்த முறையின் மிகக் கொடிய பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. எலக்டோரல் காலேஜ் தலைகளை எண்ணுகிறது, வாக்குகளை எண்ணுவதில்லை. ஒரு மாநிலத்தில் எத்தனை பேர் வாக்களித்தாலும் அதன் தேர்வாளர் எண்ணிக்கை மாறாது. உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைமுறை ஒழிந்தபோது, மூன்று பேராகக் குறைத்து எண்ணப்பட்ட ஐந்து பேரும் முழு ஐந்து பேராக எண்ணப்பட்டார்கள். தெற்கின் பலம் கூடியது. பிறகு தென்மாநிலங்கள் எழுத்தறிவுச் சோதனை, வாக்கு வரி, கொலை மிரட்டல் என்று எல்லா வழிகளிலும் கறுப்பின மக்களை வாக்குச் சாவடியிலிருந்து விரட்டின. அதனால் அம்மாநிலங்கள் ஒரு தேர்வாளரையாவது இழந்தனவா? இல்லை. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை, வாக்களிக்க விடாமல் தடுத்த மக்களின் பெயராலேயே முழுப் பங்கையும் வாங்கிக்கொண்டன. நேரடித் தேர்தலாக இருந்திருந்தால் குடிமகனைத் தடுத்த மாநிலம் தன் செல்வாக்கைத் தானே குறைத்துக்கொண்டிருக்கும்.

மாநிலங்களுக்குள்ளேயே இதுபோன்ற முறையைச் சில தென்மாநிலங்கள் நடத்திப் பார்த்தன. ஜார்ஜியாவில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் ஒவ்வொரு கவுன்டிக்கும் அலகுகள் இருந்தன. அட்லான்டா மாநகரம் அடங்கிய ஃபுல்டன் கவுன்டியில் ஐந்தரை லட்சம் பேர், அலகுகள் 6. எக்கோல்ஸ் கவுன்டியில் 1,876 பேர், அலகுகள் 2. எக்கோல்ஸ்காரர் ஒருவர் அட்லான்டாக்காரர்கள் 99 பேருக்குச் சமம். கறுப்பின மக்களும் நகரத் தொழிலாளர்களும் குவிந்திருந்த அட்லான்டாவின் குரலை அமுக்கிய அந்த ஏற்பாட்டை 1963-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கொள்கை அந்தத் தீர்ப்பில்தான் அழுத்தமாக ஒலித்தது. அதிபர் தேர்தலை மட்டும் நீதிமன்றத்தால் தொட முடியவில்லை. அது அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மிசிசிப்பி 1890-இல் எழுதிய அரசியல் சட்டம், ஆளுநர் பதவிக்கு மக்கள் வாக்கில் பெரும்பான்மையோடு மாநிலப் பேரவைத் தொகுதிகளிலும் பெரும்பான்மை வேண்டும் என்றது. கறுப்பின மக்களை அரசியலிலிருந்து அகற்றுவதற்கென்றே கூடிய மாநாடு எழுதிய விதி அது. 2020 நவம்பரில் மிசிசிப்பி மக்களே வாக்களித்து அதைத் தூக்கியெறிந்தார்கள். இன்று ஐம்பது மாநிலங்களிலும் ஆளுநரை மக்கள் நேரடி வாக்கால் தேர்ந்தெடுக்கிறார்கள். தங்கள் ஆளுநருக்கு எந்த மாநிலமும் ஏற்காத முறை நாட்டின் அதிபருக்கு மட்டும் எப்படிப் புனிதமாகும்?

சிறு இடைவெளியும் பெரிய ஆபத்தும்

நேரடித் தேர்தல் வைத்தால் நாடு முழுக்க மறு எண்ணிக்கை நடத்த வேண்டியிருக்கும், குழப்பம் வரும் என்று சிலர் எச்சரிக்கிறார்கள். குழப்பத்தை உற்பத்தி செய்வதே இப்போதைய முறைதான். 2000-இல் தேசிய அளவில் இருவருக்கும் இடையே ஐந்து லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அதில் சண்டைக்கே இடமில்லை. ஆனால் எல்லாம் ஃபுளோரிடாவின் 537 வாக்குகளில் வந்து நின்றது. துளையிடும் வாக்குச்சீட்டில் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த காகிதத் துணுக்கை அதிகாரிகள் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். உலகின் மிகப் பெரிய படைபலம் கொண்ட நாட்டின் தலைமை அந்தத் துணுக்கில் தொங்கியது. கடைசியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் எண்ணிக்கையை நிறுத்தியது.

2020-இல் நடந்தது இதைவிடப் பாடம். பைடன் நாடு முழுக்க 70 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் அவர் முன்னிலையைக் கூட்டினால் 43 ஆயிரத்துக்கும் குறைவு. அந்த மூன்றும் கைமாறியிருந்தால் 269-க்கு 269 என்று சமநிலை வந்திருக்கும். முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போயிருக்கும். அங்கே கலிபோர்னியாவுக்கு ஒரு வாக்கு, வயோமிங்குக்கும் ஒரு வாக்கு. அதனால்தான் 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப் ஜார்ஜியாவின் தேர்தல் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரும்படி ஏறக்குறைய ஒரு மணி நேரம் நெருக்கினார். அங்கே பைடனின் முன்னிலை 11,779. எழுபது லட்சம் வாக்குகளைக் கண்டுபிடித்துத் தா என்று யாரையும் கேட்க முடியாது, கேட்டால் சிரிப்பார்கள். பதினோராயிரத்தைக் கேட்கலாம் என்ற துணிச்சலைக் கொடுத்தது இந்த முறை. ஏழு மாநிலங்களில் போலித் தேர்வாளர் சான்றிதழ்கள் தயாரானதும், ஜனவரி 6 அன்று தேர்வாளர் வாக்குகளை எண்ணும் நாடாளுமன்றக் கூட்டத்தின் மீது கும்பல் பாய்ந்ததும், மக்களுக்கும் முடிவுக்கும் நடுவே இப்படிப் பல படிகள் இருப்பதால்தான் சாத்தியமாயின.

இது ஒரு கட்சிக்கு எதிரான வாதம் அல்ல. 2004-இல் புஷ் 30 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்று நியாயமாக வென்றார். ஒஹையோவில் மட்டும் அறுபதாயிரம் பேர் மனம் மாறியிருந்தால் அவர் தோற்று ஜான் கெரி அதிபராகியிருப்பார். 2024-இல் டிரம்ப் மக்கள் வாக்கிலும் முதலிடம் பெற்றார்; நேரடித் தேர்தலிலும் அவரே வென்றிருப்பார். யார் வென்றாலும் அந்த வெற்றியின் மேல் சந்தேக நிழல் விழாமல் இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

நம் ஊர் ஒப்பீடு

"இந்தியாவிலும் குறைந்த வாக்கு விகிதத்தில் கட்சிகள் ஆட்சிக்கு வருகின்றனவே, அமெரிக்காவை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?" என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நம் தேர்தல் முறையிலும் குறை உண்டு. ஆனால் நாம் தேர்ந்தெடுப்பது ஒரு சபையை. பிரதமர் அந்தச் சபையின் நம்பிக்கையில் அன்றாடம் வாழ்கிறவர். 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதும் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அமெரிக்க அதிபரை அப்படி இறக்க முடியாது. நான்கு ஆண்டுகள் அவர் இருப்பார். பதவிநீக்கத்துக்குச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இதுவரை நான்கு விசாரணைகள் நடந்தும் ஒருவரும் நீக்கப்படவில்லை. முப்படைக்கும் அவரே தலைமைத் தளபதி. அவர் தரும் பொதுமன்னிப்பை நாடாளுமன்றம் ரத்து செய்ய முடியாது. சட்டத்தை அவர் நிராகரித்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால்தான் மீட்க முடியும். உச்ச நீதிமன்றத்துக்கு அவர் நியமிக்கும் நீதிபதி ஆயுள் முழுக்க இருப்பார். மக்கள் வாக்கில் பின்தங்கி 2016-இல் வென்ற டிரம்ப் அந்த முதல் ஆட்சிக்காலத்தில் மூன்று நீதிபதிகளை நியமித்தார். அவர்கள் சேர்ந்த பெரும்பான்மைதான் 2022-இல் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை மாற்றியது. இவ்வளவு அதிகாரத்தை ஒரே ஆளிடம் கொடுக்கும் நாடு, அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மக்களின் எண்ணிக்கையை ஓரம்கட்டுவதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

நம் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் வாக்கு மதிப்புக் கணக்கு இருக்கிறது. ஆனால் அது மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்கு எடை தருகிறது. வென்றவரும் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

பல வேட்பாளர்கள் நின்றால் முப்பது சதவீத வாக்கில் ஒருவர் அதிபராகிவிடுவாரே என்ற கேள்விக்கு விடை எளிது. பிரான்ஸைப்போல முதல் இருவருக்குள் இரண்டாம் சுற்று வைக்கலாம். இப்போதைய முறை அதைத் தடுத்துவிட்டதா என்ன? 1860-இல் லிங்கன் வென்றது நாற்பது சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான வாக்கில்.

மாற்றம் நெருங்கிவந்த ஒரு முறை

இதை மாற்ற அமெரிக்கர்கள் முயலாமல் இல்லை. 1968-இல் இனப்பிரிவினைவாதி ஜார்ஜ் வாலஸ் ஐந்து தென்மாநிலங்களை வென்று 46 தேர்வாளர்களைப் பெற்றார். இரு பெரிய கட்சிகளுக்கும் நடுவே அவர் பேரம் பேசும் நிலை வந்திருக்குமே என்று நாடு அதிர்ந்தது. 1969-இல் இந்தியானா செனட்டர் பர்ச் பேயின் முன்னெடுப்பில் வந்த நேரடித் தேர்தல் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 338-க்கு 70 என்று பெருவாரியாக நிறைவேறியது. அதிபர் நிக்சன் ஆதரித்தார். 1970-இல் செனட்டில் அது சாகடிக்கப்பட்டது. விவாதத்தை முடிக்கவிடாமல் இழுத்தடித்தவர்களின் முன்வரிசையில் நின்றவர்கள் தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட், மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், வட கரோலினாவின் சாம் எர்வின். கறுப்பின மக்களுக்கான குடிமை உரிமைச் சட்டங்களையும் எதிர்த்து நின்றவர்கள் இவர்கள்தான். 1787-இல் இந்த முறை யாருக்கு வசதியாக இருந்ததோ, ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கழித்து அதே பகுதியின் பழைய ஆதிக்கமே அதைக் காப்பாற்றியது.

இன்று அரசியல் சட்டத் திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், 38 மாநிலங்களின் ஒப்புதலும் தேவை. கட்சிப் பகை முற்றிய நிலையில் அது எளிதல்ல. அதனால் மாநிலங்களே ஓர் ஒப்பந்தத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. நாடு முழுக்க அதிக வாக்குப் பெற்றவருக்கே எங்கள் தேர்வாளர்களைத் தருவோம் என்று 2007-இல் மேரிலாண்ட் முதலில் சட்டமியற்றியது. சேர்ந்த மாநிலங்களின் தேர்வாளர் எண்ணிக்கை 200-ஐத் தாண்டிவிட்டது. 270-ஐ எட்டினால் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும். வழக்குகள் வரும், தடைகள் வரும். ஆனாலும் இது சரியான வழி. இதில் சேர்ந்திருக்கும் டெலவேர், வெர்மான்ட், ரோட் ஐலண்ட், ஹவாய் எல்லாம் சிறிய மாநிலங்கள். தங்களைக் காக்கும் கவசம் என்று சொல்லப்பட்டதை அவையே கழற்றி வைக்கத் தயாராக இருக்கின்றன என்றால், அதைப் பற்றி வெளியிலிருந்து நாம் உருகுவதில் பொருளில்லை. மக்கள் கருத்தும் அந்தப் பக்கமே. பியூ ஆய்வு மையத்தின் 2024 கணிப்பில் அமெரிக்கர்களில் 63 சதவீதம் பேர் மக்கள் வாக்கே முடிவாக வேண்டும் என்றார்கள்.

மாநில உரிமை பேசும் நமக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. மக்கள்தொகையில் சிறியதானாலும் ஒரு மாநிலத்தின் குரல் நசுங்கக் கூடாது என்பது சரியான கொள்கை. அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்வது செனட்: வயோமிங்குக்கும் கலிபோர்னியாவுக்கும் அங்கே தலா இரண்டு இடங்கள். மாநிலச் சட்டமன்றங்களும், வரி விதிக்கும் உரிமையும், மாநில உச்ச நீதிமன்றங்களும் அந்த வேலையைச் செய்கின்றன. கூட்டாட்சிக்காக நாம் வாதாடும்போது எடுத்துக்காட்ட வேண்டியவை இவை. அதிபர் பதவியோ மாநிலத்துக்குரியதல்ல. அலாஸ்காவின் மீனவர் மகனையும் டெக்சாஸின் செவிலியர் மகளையும் போருக்கு அனுப்பும் கையெழுத்து ஒன்றுதான். அந்தக் கையெழுத்துக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும்போது இருவரின் வாக்குக்கும் ஒரே எடை இருக்க வேண்டும். அதை மறுக்கும் முறையைக் கூட்டாட்சியின் பெயரால் நாம் இனியும் புகழக் கூடாது.